மழபாடிப் பாட்டும் மழபாடிக் கல்லும்

1. நுதலிய பொருள்

கொள்ளிட ஆற்றின் வடகரையில், இற்றை அரியலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், திருமழபாடி என்னும் ஊர் உள்ளது. ஊர் சிறிது, அதன் புகழோ பெரிது. திருஞானசம்பந்தர் மூன்றும், திருநாவுக்கரசர் இரண்டும், சுந்தரர் ஒன்றும் ஆக ஆறு பதிகங்கள் பெற்ற தலம் அது. ஐயடிகள் காடவர்கோன் தம் சேத்திரத் திருவெண்பாவில் அதனையும் ஒரு வெண்பாவிற்குப் பொருளாக்கினார். காவிரி வடகரைத் தலங்கள் 63 எனக் கூறி, அவற்றுள் 54ஆவதாக இதனை எண்ணுதல் சைவ மரபு.

இத்துணைப் பாட்டுப் பெற்ற இவ்வூரே கல்வெட்டு வரலாற்றிலும் தனிச்சிறப்பு உடையது. முதலாம் இராசராசன் இக்கோயிலை இடித்துப் புதுக்கப் பணித்த காலத்து, பழைய சுவரிலிருந்த எழுத்துகளை முன்னரே ஏட்டில் எழுதிக்கொள்ளுமாறு ஆணையிட்டான் என்ற செய்தி இக்கோயிற் சுவரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

பாட்டை ஆராய்வோர் கல்லை நோக்குவதில்லை. கல்லை ஆராய்வோர் பாட்டை நோக்குவதில்லை. முன்னவர் கல்வெட்டை வரலாற்றார்க்குரிய சரக்கெனக் கருதி ஒதுக்குவர். பின்னவர் பதிகத்தைப் பத்தியார்க்குரிய ஓதுபொருள் எனக் கருதி ஒதுக்குவர். இப்பிரிவினையால் இரு திறத்தார்க்கும் இழப்பே நேர்ந்துள்ளது என யாம் கருதுகின்றோம். மழபாடியைப் பொறுத்தவரை பாட்டும் கல்லும் ஒரே வினாவிற்கு விடை கூறுகின்றன. முன்னோர் விட்டுச் சென்ற சொல்லைப் பின்வருவோர் எங்ஙனம் ஏற்றுக் காப்பது என்பதே அவ்வினா. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஊரும் பெயரும்

மழபாடி என்னும் பெயர்க்கு இருவகையாகப் பொருள் கூறுவர். மழவர் என்பார் சங்கச் செய்யுட்களில் பயின்று வரும் மறவர். பாடி என்பது படை தங்கும் இடம். ஆகலின் மழவர் பாடியே மழபாடி ஆயிற்று என்பர் ஒருசாரார். காவிரிக்கு வடக்கே அமைந்த நாட்டுப் பகுதி மழநாடு என வழங்கிற்று. ஆனாய நாயனாரின் ஊரைச் சேக்கிழார் மேன்மழநாட்டில் வைத்துக் கூறுதலும் ஈண்டு நினையத்தகும். தலபுராணமோ, இறைவன் மார்க்கண்டேயர் பொருட்டு மழுவேந்தி ஆடிய இடம் ஆகலின் மழுவாடி எனப் பெயர் பெற்றது என்று கூறும்.

இவ்விரண்டனுள் முன்னதே சொல்லியல்புக்குப் பொருந்துவது. எனினும் பின்னதைப் பொய்யென்று தள்ளி அமைதல் ஆராய்ச்சியாகாது. மழவர் என்னும் குடிப்பெயர் மக்கள் வழக்கில் மறைந்த பின்னர், பொருள் விளங்காத ஒரு சொல்லை மக்கள் தமக்கு விளங்கிய சொல்லாகக் கேட்டனர். கேட்டவாறே கதை பிறந்தது. கதை பிறந்தமையால் ஊர்ப்பெயர் வெற்றொலியாகாது உயிர்ப்போடு நிலைத்தது. பொருள் மாறினும் சொல் மாறவில்லை. இவ்வியல்பு மழபாடியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவதொன்று. ஆதலின் இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வாம்.

3. மூவர் பாட்டின் நோக்கு

மூவரும் மழபாடியைப் பாடினர். ஆயின் மூவர் நோக்கும் ஒன்றன்று. சம்பந்தர் பதிகங்களுள் சோலையும் வண்டும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. ஊரை வாழ்த்துவார்க்கு வினை நீங்கும் என அவர் உலகோரை நோக்கிக் கூறுகின்றார். அவர் பாட்டில் மழபாடி பலர்க்கும் உரிய ஊராகத் தோன்றுகின்றது.

நாவுக்கரசர் பாடியவை இரண்டும் திருத்தாண்டகங்கள். அவற்றுள் ஒன்றில் இறைவனை மழபாடியில் நிற்கும் வயிரத் தூணாக உருவகித்து, அப்பெயர் சொல்லி அரற்றி நைந்துருகுகின்றார். இவ்வுருவகத்தைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். இன்று நாம் காணும் கற்றளி அவர் காலத்தில் இல்லை. அது அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு பிற்பட்டது. தம் கண்முன் நின்ற கட்டடம் எதுவாயினும், அழியாத ஒரு தூணை அவர் சொல்லில் நாட்டினார். கட்டடம் மாறிற்று, சொல்லில் நாட்டிய தூண் மாறவில்லை.

மாறாமை மட்டுமன்று, அவ்வுருவகமே பின்னர்ப் பெயராகவும் கதையாகவும் வளர்ந்தது. வைத்தியநாதர் என வழங்கும் இத்தலத்து இறைவனுக்கு வச்சிரத்தம்பேசுவரர் என்னும் பெயரும் உண்டு. வயிரத் தூண் என்பதன் வடமொழியாக்கமே அது. நான்முகன் இங்குள்ள இலிங்கத்தைப் பெயர்க்க முயன்று இயலாது, இது வயிரத் தூணோ என வியந்தான் என்று புராணமும் கூறும். பெயர் முன்னரே இருந்தது, புலவர் அதனை எடுத்தாண்டார் எனக் கொள்வாரும் இருக்கலாம். ஆயினும் நம் கைக்கு எட்டும் சான்றுகளுள் தொன்மையானது பாட்டே. ஆகலின் உருவகத்தினின்று பெயரும், பெயரினின்று கதையும் தோன்றின எனக் கொள்ளுதலே முறை.

இனிச் சுந்தரர் பதிகத்தை நோக்குவாம். நட்டராகப் பண்ணில் அமைந்த அப்பதிகம் பத்துப் பாடல்களை உடையது. ஊரின் வளம் அதன்கண் மிகச் சுருங்கிய அளவிலேயே வருகின்றது. ஒரு பூம்பொழில், அவ்வளவே. ஆறு வருவதில்லை, கோயிலின் தோற்றம் வருவதில்லை. இது கருதியே போலும், தலவருணனை குன்றிய பதிகம் இஃது எனச் சிலர் கருதுகின்றனர். அவர் கருத்து எமக்கு உடன்பாடன்று. இப்பதிகத்தின் பொருள் ஊரன்று. ஊரை நினைக்கும் நெஞ்சு. மழபாடியுள் உறையும் மாணிக்கமே என இறைவனைப் பலகாலும் விளித்து, இனி வேறு எவரை நினைப்பேன் என்று ஒவ்வொரு பாடலையும் முடித்துச் செல்கின்றார். தாயும் தந்தையும் எள்ளளவும் சார்பாகார் என்று ஒரு பாடலில் உறவை ஒதுக்குகின்றார். இறுதி நாள் வந்து அணுகி நலியும் முன்னர் என்று மற்றொன்றில் கூற்றத்தை எண்ணுகின்றார். எஞ்சி நிற்பது நினைப்பு ஒன்றே. நினைப்பதற்குரிய பொருள் மாணிக்கம் போன்று சிறிதாகவும் திண்ணிதாகவும் ஒளியுடையதாகவும் இருத்தல் வேண்டும். ஆற்றையும் சோலையையும் மதிலையும் விரித்துக் கூறியிருப்பின் இப்பதிகம் தளர்ந்திருக்கும். வருணனைச் சுருக்கம் இங்கே குறையன்று. பொருளுக்கு இயைந்த அமைதியேயாம்.

4. சேக்கிழார் கண்ட பொருள்

இப்பதிகம் பிறந்த வரலாற்றைச் சேக்கிழார் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் கூறுகின்றார். சுந்தரர் திருவாலம்பொழிலில் இரவு தங்கித் துயில்கின்றார். இறைவன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வருவதற்கு நினைய மறந்தனையோ என வினவுகின்றான். துயிலுணர்ந்த சுந்தரர் காவிரியைக் கடந்து வடகரை அடைந்து, மழபாடி புகுந்து, இப்பதிகம் பாடுகின்றார்.

வரலாறு தேடுவார் இதனைச் சமயக் கற்பனை என்று கூறிக் கடந்து செல்வர். பத்தியுடையார் நிகழ்ந்தவாறே நிகழ்ந்தது என்று கூறி வணங்கிச் செல்வர். இருவரும் சேக்கிழாரை ஒரு புலவராகக் கண்டிலர். பதிகத்தின் முடிபு நினைத்தலைப் பற்றியது. இனி வேறு யாரை நினைப்பேன் என்று ஒருவர் கூறுகின்றார் எனின், அங்ஙனம் கூறும் நிலை அவர்க்கு எதனால் வந்தது என்னும் வினா எழுகின்றது. ‘இனி’ என்னும் சொல்லே அவ்வினாவை எழுப்புகின்றது. இதற்குமுன் வேறு எதையோ நினைத்திருந்தார், அன்றி இதனை மறந்திருந்தார் என்பது அச்சொல்லின் குறிப்பு. சேக்கிழார் அக்குறிப்பைப் பற்றிக்கொண்டார். மறதியைச் சுட்டும் கேள்வியைக் கனவில் வைத்தார். நினைப்பைக் கூறும் விடையைப் பதிகத்தில் காட்டினார். ஆகவே ஆலம்பொழிற் கனவு, மழபாடிப் பதிகத்தின் ‘இனி’ என்னும் ஒரு சொல்லுக்கு எழுந்த விரிவுரை எனலாம்.

சேக்கிழார் பிறிதொன்றும் செய்தார். சுந்தரர் முடிபை அவர்தம் சொற்களாலேயே தம் செய்யுளுள் பதித்து வைத்தார். தம் சொல்லால் பொருளைக் கூறி அமைந்திருக்கலாம், அங்ஙனம் செய்யவில்லை. விரிவுரை தம்முடையதாயினும் மூலம் மூலமாகவே நிற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை என இதனால் உணரலாம். பாட ஆராய்ச்சியாளர்க்கு இதனால் விளையும் பயனும் பெரிது. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். அதாவது 12ஆம் நூற்றாண்டினர். தேவார ஏடுகள் எக்காலத்துப் படிகளாயினும், 12ஆம் நூற்றாண்டில் அப்பதிக முடிபு எங்ஙனம் ஓதப்பட்டது என்பதற்குப் பெரியபுராணமே சான்றாகின்றது. பழம்பாட்டைத் தம் பாட்டினுள் வைத்து அவர் ஒரு படியெடுத்தார் எனின் மிகையாகாது.

5. கல் கூறும் ஆணை

சேக்கிழார் பாடிய காலத்தில் மழபாடியில் கற்றளி எழுந்து நூறாண்டு கழிந்திருந்தது. அதன் வரலாற்றை இனி நோக்குவாம்.

இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது 1010இல், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தான். தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையெல்லாம் விமானத்துக் கல்லில் வெட்டுக என அவன் பணித்த செய்தி யாவரும் அறிந்ததே. தஞ்சையில் அவன் எடுத்தது தன் புதுக்கோயில். எழுதியதும் தன் காலத்துச் செய்தி. மழபாடியில் நிலை வேறு. 28ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1012–13இல், இங்கே கருவறை விமானத்தை நீக்கிப் புதிதாக எடுக்குமாறு பணித்தான். அவ்விமானத்தில் முன்னோர் வெட்டிய எழுத்துகள் இருந்தன. அவற்றை இடிப்பதற்கு முன்னர் ஏட்டில் எழுதிக்கொள்ளுமாறும் பணித்தான். ஏட்டில் ஏறிய அவ்வெழுத்துகள் அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1025–26இல், புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன.

காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆணைக்கும் நிறைவிற்கும் இடையே ஏறத்தாழ 13 ஆண்டுகள் கழிந்தன. ஆணையிட்ட அரசன் மறைந்தான். அவன் மகன் வடக்கே கங்கைவரை படை செலுத்தினான். கடல் கடந்து கடாரத்தின்மேற் சென்ற படையெடுப்பும் 1025ஐ ஒட்டியதே. இத்துணைப் பெருநிகழ்ச்சிகளுக்கு இடையே, கொள்ளிடக் கரையிலுள்ள ஓர் ஊரின் பழைய அறக்கொடைக் கணக்குகள் ஓர் ஏட்டுச் சுவடியில் காத்துக் கிடந்தன. தவறாது சுவர் ஏறின. அவ்வாண்டுகளில் அவ்வறங்கட்கு அச்சுவடியே சான்றாயிற்று. கல்லைவிட ஓலை நிலையற்றது என்பர். ஈண்டோ, கல் இல்லாத காலத்துக் கல்லின் பொருளைக் காத்தது ஓலை.

இது சோழநாட்டில் தனித்து நின்ற செயலன்று. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது அங்கிருந்த பழங்கல்வெட்டுகளும் படியெடுத்து மீள வெட்டப்பட்டன. அவற்றுள், இது பழைய கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. மழபாடி இருக்கும் வடகரையிலேயே, கோவிந்தபுத்தூரில், உத்தம சோழன் காலத்தில் அம்பலவன் பழுவூர் நக்கன் என்னும் அதிகாரி திருவிசயமங்கைக் கோயிலைக் கல்லால் எடுப்பித்தான். ஆகவே 10, 11ஆம் நூற்றாண்டுகள் இப்பகுதியிற் கற்றளிகள் எழுந்த காலம். புதுமை விரைந்து வந்த காலத்திலேயே பழமையைக் காக்கும் முறையும் வகுக்கப்பட்டது என்பதே இதனால் நாம் அறியத்தக்கது.

6. படியும் மூலமும்

மீள வெட்டிய கல்வெட்டை எங்ஙனம் மதிப்பிடுவது? இவ்வினா கல்வெட்டாளர்க்கு மட்டும் உரியதன்று. ஏட்டுப் பாட ஆராய்ச்சியிற் பயின்ற தமிழாசிரியர்க்கே பெரிதும் உரியது. ஏனெனில் இத்தகைய கல்வெட்டு, ஏட்டைப் போன்றே, ஒரு படி.

முதலாவது, எழுத்தமைதி வேறு, மொழியமைதி வேறு என்பதை உணர்தல் வேண்டும். முந்திய மன்னன் ஒருவனின் ஆட்சியாண்டு குறித்த செய்தி 11ஆம் நூற்றாண்டு எழுத்தில் காணப்படின், எழுத்தை மட்டும் நோக்குவார் அதனைப் பொய்யாவணம் என்று தள்ளிவிடக் கூடும். படி என அறிந்தவர் அங்ஙனம் தள்ளார். எழுத்து வெட்டியவன் காலத்தது. சொல் மூலத்தின் காலத்தது எனப் பிரித்தறிவர். இரண்டாவது, படியெடுக்குங்கால் நேரும் பிழைகள் இங்கும் நேர்ந்திருக்கலாம். கல்லினின்று ஓலைக்கும், ஓலையினின்று கல்லுக்கும் ஆக இருமுறை எழுத்துப் பெயர்ந்துள்ளது. அக்கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்கள் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ஆதலின் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் திரிய இடமுண்டு. சொல்வடிவம் ஒன்றைக் காட்டி இது 9ஆம் நூற்றாண்டு வழக்கு என்றோ, 10ஆம் நூற்றாண்டு வழக்கு என்றோ துணிவார், அது மூலத்துச் சொல்லோ படியெடுத்தவன் சொல்லோ என முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று கூறுவாம். கல்வெட்டு உரைநடையை இலக்கியமாகக் கருதாமை நம் திறனாய்வின் பெருங்குறை. சோழர் கல்வெட்டுகளில், கோயிலில் ஒரு நொந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் விடப்படும். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என வழங்குவர். சாகாத, மூப்படையாத ஆடு எவ்வுலகில் உண்டு? ஆடு சாகும், ஈன்ற குட்டி அதனிடத்தை நிரப்பும், தொகை குறையாது, நெய் குறையாது, விளக்கு அணையாது. ஓர் ஆவணத் தொடர் இத்துணை நுட்பமாக நிலையாமையையும் நிலைபேற்றையும் ஒருங்கே கூறுதல் வியக்கத்தக்கது. இத்தொடர் ஆட்டுக்கு மட்டுமன்று, சொல்லுக்கும் பொருந்தும். மழபாடியில் பழைய கல் நீங்கிற்று, ஏடு அதனிடத்தில் நின்றது, ஏடும் போயிற்று, புதுக்கல் அதனிடத்தில் நின்றது. தாங்கும் பொருள்கள் மாண்டன. சொல் சாவா மூவாச் சொல்லாக நின்றது.

7. தடையும் விடையும்

இதுகாறும் கூறியவற்றிற்கு இரண்டு தடைகள் எழலாம்.

சோழ மன்னன் எழுத்தைப் போற்றியவனல்லன், சொத்தைப் போற்றியவனே. நிலமும் பொன்னும் விளக்கும் எவர் தந்தவை என்பது மறைந்துவிடின் கோயில் வருவாய் கெடும். அதற்கு அஞ்சியே படியெடுப்பித்தான் என்பது முதல் தடை. இதனை யாம் மறுக்கவில்லை. எழுத்துக் காக்கப்பட்டமைக்குக் காரணம் பொருளுடைமையே ஆகலாம். ஆயினும் விளைவு வேறாகாது. கொடுத்தவன் பெயரும், நிலத்தின் எல்லையும், ஆட்டின் தொகையும் சிறிது பிறழினும் உரிமை பிறழும். ஆகவே படி உண்மையானதாக இருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் பத்தியினின்றும் பிறக்கலாம், கணக்கினின்றும் பிறக்கலாம். கணக்கினின்று பிறந்த கட்டாயம் பெரும்பாலும் வலிமை உடையது. சந்திரன் சூரியர் உள்ளளவும் என்று ஒருவன் எழுதி வைத்த சொல்லை, அவனை அறியாத ஓர் அரசன் மதித்தான் என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

கனவையும் தலபுராணத்தையும் சொல்லினின்று பிறந்தவை எனக் கூறுதல் சமய உணர்வைப் புண்படுத்தாதோ என்பது இரண்டாவது தடை. புண்படுத்தாது என்பதே எம் விடை. பதிகத்தை ஊன்றி ஓதாதார்க்கு ‘இனி’ என்னும் சொல் ஒரு சொல்லே; ஊன்றி ஓதியவர்க்கு அது ஓர் இரவும் ஒரு கனவும் ஓர் ஆற்றுக் கடப்பும் ஆயிற்று. பத்தி ஆழ்ந்த கற்றலாக வெளிப்பட்ட இடம் அது. அதனைக் கற்றல் எனக் கூறுதல் அதனைத் தாழ்த்துவதன்று.

நூலறியாத மக்களும் தம் முறையில் இந்நினைவைக் காத்து வருகின்றனர். பங்குனித் திங்களில் புனர்பூச நாளை ஒட்டி மழபாடியில் நந்தியம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம் நிகழும். மணமகனாகிய நந்தியைத் திருவையாற்று ஐயாறப்பர் அழைத்து வருவார். எழுந்தருளுவோர் கொள்ளிடம் கடந்து வடகரை சேர்வர். அத்திருமணத்தைக் கண்டார்க்கு விரைவில் மணம் கூடும் என்பது மக்கள் நம்பிக்கை. தென்கரையினின்று ஒருவர் அழைப்புப் பெற்று ஆறு கடந்து மழபாடி புகுவதாகச் சேக்கிழார் பாடினார். ஆண்டுதோறும் ஊர் மக்கள் ஆறு கடந்து மழபாடி புகுகின்றனர். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என யாம் கூற வரவில்லை. மறவாமைக்கு ஏடும் கல்லும் போன்று விழாவும் ஒரு கருவி என்பதே எம் கருத்து.

8. நம் காலத்துக் கடன்

மழபாடிக் கல்வெட்டுகள் மீண்டும் ஒருமுறை நூலேறின. 1895இல் அரசுக் கல்வெட்டுத் துறையினர் அவற்றைப் படியெடுத்தனர். இடிப்பு ஆணை கூறும் கல்வெட்டு அவ்வாண்டுத் தொகுப்பில் 92ஆம் எண் பெற்றது. 1925இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அவை அச்சாயின. அத்தொகுதி மொழிபெயர்ப்பும் விளக்கமும் இன்றி மூலத்தை மட்டும் தருவது. தமிழறிந்தார் படித்து விளக்குவர் என்னும் நம்பிக்கையில் அங்ஙனம் விட்டனர் போலும். அச்சாகி ஒரு நூற்றாண்டு நிறைந்துவிட்டது. அந்நம்பிக்கையைத் தமிழ்த் துறைகள் எவ்வளவு நிறைவேற்றியுள்ளன என்பதை நாம் நம்மையே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

திருப்பணி என்னும் பெயரால் தமிழகத்துப் பழங்கோயில்கள் பல புதுக்கப்பட்டுள்ளன. பழைய சுவர்கள் நீக்கப்பட்டபோது எழுத்துள்ள கற்கள் படிகளிலும் தளத்திலும் தலைகீழாக வைத்துக் கட்டப்பட்டதை இன்றும் பல ஊர்களில் காணலாம். சுண்ணாம்பும் வண்ணமும் எழுத்தின்மேற் பூசப்பட்டன. மணலை விசையுடன் வீசிச் சுவரைத் தூய்மை செய்தமையால் எழுத்துகள் மழுங்கின. எவரும் தீய நோக்கத்தோடு இவற்றைச் செய்திலர். கோயில் பொலிவு பெறுதல் வேண்டும் என்றே செய்தனர். இராசராசன் விரும்பியதும் அதுவே. ஆயின் அவன் இடிப்பதற்கு முன் படித்தான், இவர்கள் படிக்கவில்லை. வேறுபாடு இஃதொன்றே; ஆயின் இது சிறு வேறுபாடன்று.

சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூன் 7ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், கோயில்களும் பழஞ்சின்னங்களும் காக்கப்படுவது குறித்து 75 நெறிமுறைகளை வகுத்தது. அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் அதன் மதுரைக் கிளை, மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு ஆணையிட்டது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் ஆணையால் மட்டும் எழுத்துப் பிழைக்காது. மழபாடியில் அரசன் ஆணையிட்டான். ஏட்டில் எழுதியவன், எழுத்தறிந்த ஒருவன். அவன் இல்லையேல் ஆணை வறிதாகியிருக்கும். இன்று அவன் இடத்தில் நிற்க வேண்டியவர் எவர்? கல்லெழுத்தைப் பயின்ற தமிழ் மாணவரேயன்றோ? தமிழ் முதுகலைப் பாடத்தில் தேவாரமும் பெரியபுராணமும் இடம்பெறுதல் போன்று கல்வெட்டு வாசிப்பும் இடம்பெறுதல் வேண்டும். அதுவும் வரலாற்றிற்குத் துணையாக மட்டுமன்றித் தமிழ் உரைநடை இலக்கியமாகவே இடம்பெறுதல் வேண்டும் என்று யாம் வற்புறுத்துகின்றோம்.

9. முடிவு

மேற்கூறியவற்றால் போந்த கருத்துகளைத் தொகுத்துரைப்பாம். நாவுக்கரசர் சொல்லில் நாட்டிய தூண் இறைவனின் பெயராயிற்று. சுந்தரர் வைத்த ‘இனி’ என்னும் சொல் சேக்கிழார் கையில் ஒரு வரலாறாயிற்று. முன்னோர் வெட்டிய எழுத்து, கல்லினின்று ஏட்டிற்கும் ஏட்டினின்று கல்லிற்கும் பெயர்ந்து உயிர் பிழைத்தது. இம்மூன்றும் ஒரு பண்பின் மூன்று வெளிப்பாடுகள். ஏற்றதை ஊன்றிக் கற்றல், கற்றதை மாற்றாது வைத்தல், தான் சேர்த்தது இன்னது எனப் பிரித்துக் காட்டல் என்பவை அப்பண்பின் கூறுகள். சேக்கிழார் சுந்தரர் சொல்லைச் சுந்தரர் சொல்லாகவே வைத்தார். மழபாடிச் சுவரும் தான் படியென்பதை மறைக்காது கூறிற்று.

புதுக்குதல் வேண்டா என்று யாம் கூறவில்லை. புதுக்காத பழமை ஆற்றங்கரை மணல்போல் சரிந்துவிடும். பழையதை நீக்குமுன் அதனைப் படித்தல் வேண்டும். படித்ததை எழுதி வைத்தல் வேண்டும். எழுதியதைப் புதியதன்மேல் ஏற்றுதல் வேண்டும். ஏற்றியது படி என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். கோயிற்பணிக்கு மட்டுமன்று, பதிப்புப் பணிக்கும் திறனாய்வுப் பணிக்கும் இதுவே நெறி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொள்ளிடக் கரையில் வகுக்கப்பட்ட இந்நெறி இன்னும் அங்குக் கல்லில் இருக்கின்றது. அதனைப் படிப்பார் வேண்டும்.